எச்சில் தட்டு இல்லாத படங்கள்

"சிங்க்குல அப்படியே போட்டு வைங்க, நான் வந்து தேச்சுக்கறேன்" என்று போனில் சொன்னீர்கள் இல்லையா, ஒட்டுக் கேட்கவில்லை அக்கா. பக்கத்து சீட், காதில் விழுந்துவிட்டது. இந்த பஸ்ஸில் தமிழ் கேட்கும் என்று நான் நினைக்கவே இல்லை. சாதாரணமாக நான் முன்பின் தெரியாதவர்களிடம் பேசுகிறவளும் இல்லை. கல்லூரியில் என் பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணுக்கே என் குரல் எப்படி இருக்கும் என்று இரண்டாம் வருடம்தான் தெரிந்தது. இன்றைக்கு என்னவோ பேச வேண்டும்போல் இருக்கிறது. நீங்களும் கவென்ட்ரி வரைக்குமா? நல்லது.

அம்மாவை விமானம் ஏற்றிவிட்டு வருகிறேன். சென்னை போய், அங்கிருந்து மதுரை. ஆறு மாதத்துக்கு விசா வாங்கியிருந்தோம். பாதிகூட இருக்கவில்லை. குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. வேறொன்றும் இல்லை, குளிர்தான்.

உங்கள் வீட்டில் டிஷ்வாஷர் இருக்கிறதா? இருக்கிறது, ஆனால் அதில் கழுவிய பாத்திரத்தை அடுக்கி வைத்திருக்கிறீர்கள். சரிதானே? சிரிக்காதீர்கள். நம் ஆட்கள் வீட்டில் எல்லாம் அது ஓர் அலமாரி. லெஸ்டரில் ஒரு வீட்டில் முறுக்கு டப்பாவை அதற்குள் வைத்திருந்ததைப் பார்த்தேன். எறும்பு போகாதாம்.

நான் டிஷ்வாஷர் சேகரிக்கிறவள். ஆமாம், டிஷ்வாஷர்தான். இப்போது கடையில் கிடைக்கிற மாதிரி இல்லை. இங்கே இங்கிலாந்தில் ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் செய்தது. அடியில் சக்கரம் வைத்து, மேல்மூடியைத் திறந்து தட்டை அடுக்கி, ரப்பர் குழாயைச் சமையலறைக் குழாயில் மாட்டி ஓட்டுகிறது. மின்சாரமே இல்லாமல் கையால் சுற்றுகிறதுகூட ஒன்று இருக்கிறது. எங்கள் காரேஜில் கார் நின்று வெகுநாள் ஆகிவிட்டது. அவர், என் வீட்டுக்காரர் திருமாறன், காரை மழையில் நிறுத்துகிறார். ஒன்றும் சொல்ல மாட்டார்.

முதல் மெஷின் பக்கத்து வீட்டு மார்கரெட் கொடுத்தது. முதியோர் இல்லத்துக்குப் போகிறபோது வீட்டைக் காலி செய்தார்கள். தோட்டத்து ஷெட்டில் கிடந்தது, வெளிர்நீலம், வயிறு உப்பிய பீப்பாய் மாதிரி. ஹார்ட்வெல் என்று ஒரு கம்பெனி, இப்போது இல்லை. கூடவே அதன் பிரவுச்சர். விற்கிறபோது கொடுத்த வண்ணப் புத்தகம், மடிப்புக் கலையாமல். "இதைப் போட்டுவிட்டு நான் தோட்டத்தில் போய் உட்காருவேன்" என்றார் மார்கரெட். "சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்." அந்தச் சத்தத்தை நானும் கேட்க வேண்டும் என்றுதான் வாங்கிக்கொண்டேன். ரப்பர் வளையம் இற்றுப்போயிருந்தது. அதைத் தேடப் போய்த்தான் இங்கே இப்படி ஒரு கூட்டமே இருக்கிறது என்று தெரிந்தது. பழைய மெஷின் சேர்க்கிறவர்கள், பிரவுச்சர் சேர்க்கிறவர்கள். எல்லாம் ரிட்டயர் ஆனவர்கள். நான் எம்.எஸ்சி. பிசிக்ஸ், கேட்டால் நல்ல காரணம் சொல்லத் தெரியும். ஆனால் உண்மையான காரணம் இவ்வளவுதான்: தண்ணீர் விழுகிற சத்தம் கேட்க வேண்டும், அங்கே யாரும் நின்றுகொண்டிருக்கக் கூடாது. ஏன் என்று எனக்கே தெரியாது.

என் வீட்டுக்காரர் ஒரு தடவை சொன்னார், "நீ இதெல்லாம் உங்கம்மாவுக்காகத்தான் சேக்குற" என்று. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? எதற்கெடுத்தாலும் முடிச்சுப் போட்டால் எப்படி?

சொல்லவில்லையே. எங்கம்மா வீட்டு வேலை செய்கிறவள். பேச்சியம்மாள். மதுரையில் எங்கள் தெருவைத் தாண்டினால் நல்ல வீடுகள். டீச்சர் வீடு, வக்கீல் வீடு, மாடி வீடு, நகைக்கடைக்காரர் வீடு. நாலு வீட்டுப் பாத்திரம். அதில்தான் நான் படித்தேன். எனக்கு அதில் வெட்கம் ஒன்றும் கிடையாது. அவரிடம் பெண் பார்க்க வந்த அன்றே சொல்லிவிட்டேன். இப்போதுகூட உங்களிடம் சொல்கிறேன் பாருங்கள். வெட்கம் இருந்தால் சொல்வேனா?

பள்ளிக்கூடம் விட்டதும் நேரே டீச்சர் வீட்டுப் பின்பக்கம்தான் போவேன். துவைக்கிற கல்லில் உட்கார்ந்து வீட்டுப்பாடம். அம்மா பக்கத்தில் குத்தவைத்து விளக்குவாள். டீச்சரம்மா நல்லவர்கள். கத்தவே மாட்டார்கள். "பேச்சி, டம்ளர்ல கறை நிக்குது பாரு, இன்னொரு தடவ வெளக்கிரு" என்று மெதுவாகத்தான் சொல்வார்கள். அந்த வீட்டுக்கு ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் எனக்குக் கொண்டாட்டம். கிளம்புகிறபோது யாராவது ஒருவர் பின்பக்கம் வருவார்கள். ரூபாய் நோட்டை நாலாக மடித்து வைத்திருப்பார்கள். அம்மாவுக்குக் கை ஈரம், அதனால் இடுப்பை லேசாகத் திருப்புவாள், முந்தானைச் சொருகலில் வைத்துவிட்டு, வேப்ப மரத்தையோ எதையோ பார்த்துக்கொண்டு, போய்விடுவார்கள். முகத்தைப் பார்க்க மாட்டார்கள். அன்றைக்கு எனக்கு பேக்கரியில் பன் பட்டர் ஜாம்.

எனக்கு வேலை கிடைத்ததும் அம்மாவை நிற்கச் சொன்னேன். இரண்டு வீட்டை விட்டாள், மற்ற இரண்டை விடவில்லை. "சும்மா உக்காந்திருந்தா கை வலிக்குதுடி" என்பாள். கல்யாணமாகி இங்கே வந்த பிறகும் விடவில்லை. குளிர்காலத்தில் விரல் இடுக்கெல்லாம் வெடித்துப்போய் வீடியோவில் கையைக் காட்டாமல் பேசுவாள். அதனால்தான் ஆறு மாதத்துக்கு வரவழைத்தேன். ஆறு மாதம் பாத்திரத்தைத் தொடாமல் இருந்தால் பழக்கம் விட்டுப்போகும், திரும்பிப் போனாலும் வேலைக்குப் போக மாட்டாள். இதுதான் என் கணக்கு. இந்தத் தடவை நிறுத்திவிட வேண்டும் என்றுதான் கூப்பிட்டேன்.

வந்த மறுநாள் காலையில் எழுந்து வருகிறேன், சிங்க் காலி. ராத்திரிப் பாத்திரம் எல்லாம் கவிழ்த்தாகிவிட்டது. பெட்டியில் புளிக்குப் பக்கத்தில் கம்பி நார் வைத்து எடுத்து வந்திருக்கிறாள். அவர் கையில் டீக்கோப்பை காலியாவதற்குள் பக்கத்தில் போய் நிற்பாள். அவருக்குக் கூச்சம். "அத்தை, இருக்கட்டும், நானே கழுவிக்கிறேன்" என்பார். "ஆம்பள கழுவுறதப் பாத்துக்கிட்டு நிக்கவா மாப்ள நான் பிளைட் ஏறி வந்தேன்?" என்பாள்.

காரேஜுக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். கண்ணாடி மூடி வைத்த ஒன்றை ஓட்டிக் காட்டினேன். குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

"அதே தண்ணியத்தானடி திருப்பித் திருப்பி ஊத்துது?"

"கடைசில நல்ல தண்ணி வரும்மா."

"அதுவரைக்கும் எச்சித் தண்ணி. டீச்சர் வீட்ல நான் இப்படிக் கழுவியிருந்தேன்னா அன்னைக்கே அனுப்பியிருப்பாங்க."

இட்லித் தட்டு இதில் எங்கே நிற்கும், குக்கர் எங்கே போகும், வடைச் சட்டியை என்ன செய்வாய் என்று கேட்டாள். எதுவும் எதிலும் போகாது. அவித்த முட்டை வைக்கிற சின்னக் கிண்ணத்துக்குத் தனி இடம் இருக்கிறது, வடைச் சட்டிக்கு இல்லை.

பிரவுச்சர்கள்தான் அவளுக்குப் பிடித்திருந்தது. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஓரத்தைப் பிடித்துத் திருப்பினாள். எல்லாவற்றிலும் ஒரே மாதிரி படம். கழுத்தில் முத்துமாலை, உதட்டுச்சாயம், ஹீல்ஸ் போட்ட ஒரு பெண்மணி ஒரு தட்டை மெஷினுக்குள் வைக்கிறாள். பின்னால் கணவர் வாயில் புகைக்குழாயோடு நிற்கிறார்.

"எச்சித் தட்டு எங்கடி?" என்றாள் அம்மா.

பார்த்தேன். அத்தனை பிரவுச்சரையும் புரட்டிப் பார்த்தேன். ஒன்றில்கூட எச்சில் தட்டு இல்லை. மெஷினுக்குள் வைக்கிற தட்டே பளபளவென்று இருக்கிறது. இத்தனை வருடம் சேர்த்தவள் நான், இதைக் கவனித்ததே இல்லை.

"இந்தம்மா வீட்ல முன்னாடி வெளக்கிக்கிட்டு இருந்தவ எங்க போனா?"

"அப்போ இங்க வேலைக்கு ஆள் கிடைக்காமப் போச்சும்மா. அதனாலதான் மெஷின் வந்துச்சு."

"கெடைக்காம எங்க போனாளுங்க?"

தெரியாது என்றேன். எந்தப் பிரவுச்சரிலும் அது இல்லை.

இப்படி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அந்தச் சனிக்கிழமை வரைக்கும். அன்றைக்கு நான் அவளைக் காரேஜில் உட்கார வைத்திருக்கக் கூடாது. ஹீட்டர் சின்னது, கதவு திறந்தே இருந்தது. அதுதான் என் தப்பு. எத்தனை தடவை நினைத்தாலும் அங்கேதான் வந்து நிற்கிறேன், வீட்டுக்குள்ளேயே உட்கார வைத்திருக்கலாம்.

மார்கரெட்டின் நீல மெஷின் ஓட ஆரம்பித்திருந்தது. ரப்பர் வளையம் கடைசியில் ஸ்காட்லாந்தில் ஒருவரிடம் கிடைத்தது. அதைப் பார்க்கக் கூட்டத்திலிருந்து எட்டுப் பத்துப் பேர் வந்தார்கள். எங்கள் வீட்டில் அப்படி ஒரு கூட்டம் அதுவரைக்கும் வந்தது கிடையாது. நான் முந்தின நாள் முழுக்கப் பேச வேண்டியதைப் பாத்ரூமில் சொல்லிப் பார்த்தேன். அவர் டீ போட்டார். அம்மா பட்டுப்புடவை கட்டி, மேலே என் கோட்டைப் போட்டுக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

இவர்களுக்கு ஒரு வழக்கம். மெஷினை ஓட்டிக் காட்டுகிறபோது சுத்தமான தட்டை வைக்கக் கூடாது. அது ஏமாற்று. அதனால் ஆளுக்கொரு தட்டு கொண்டுவந்து, முட்டைக் கருவும் ஓட்ஸ் கஞ்சியும் எடுத்து, ஸ்பூனால் தட்டில் பூசுவார்கள். காய்வதற்கு நேரம் கொடுப்பார்கள். பெரிய பெரிய மனிதர்கள், கோட் போட்டவர்கள், குனிந்து நின்று நல்ல தட்டில் கஞ்சி பூசிக்கொண்டிருந்தார்கள். அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

"ஏண்டி, இவுங்களுக்கு எச்சித் தட்டுக்கே பஞ்சமா? சொல்லியிருந்தா டீச்சர் வீட்லருந்து அள்ளிக்கிட்டு வந்திருப்பேன்ல."

அவர் கெட்டிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். மெஷின் ஓடியது. மூடியைத் திறந்ததும் ஆவி வந்தது, தட்டெல்லாம் பளிச்சென்று. எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

அப்போதுதான் ஜெரால்ட் அம்மா பக்கம் திரும்பினார். ஜெரால்ட் எங்கள் கூட்டத்தில் மூத்தவர். பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டராக இருந்தவர், நல்ல மனிதர். இந்தியாவில் உங்கள் வீட்டில் பாத்திரம் எப்படிக் கழுவுவீர்கள் என்று கேட்டார். நான் தமிழில் கேட்டேன். எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா எழுந்து நின்றுகொண்டாள்.

"சொல்லுடி. நாலு வீட்டுப் பாத்திரம் வெளக்கித்தான் இவளப் படிக்க வச்சேன்னு சொல்லு. அந்த நாள்ல இந்த மிசினு மட்டும் எங்க ஊருக்கு வந்திருந்தா எங்களுக்குச் சோறு ஏதுன்னு சொல்லு. நல்ல வேள, லேட்டா வந்துச்சுன்னு சொல்லு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நல்ல ஜோக்குதான். சொல்லிவிட்டு அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள், எப்போது சிரிப்பார்கள் என்று.

நான் இங்கிலீஷில் சொன்னேன், எங்கள் வீட்டில் அதற்கெல்லாம் சர்வன்ட்ஸ் இருந்தார்கள் என்று அம்மா சொல்கிறாள் என்று.

அவ்வளவு நீளமாக அவள் பேசியதற்கு அவ்வளவுதான் சொன்னேன். அக்கா, நீங்களே சொல்லுங்கள். அவர்களுக்கு நம் ஊர் எப்படி என்று தெரியாது. பரிதாபமாகப் பார்ப்பார்கள். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நிற்கிறாள், அவளை அப்படிப் பார்க்க விடலாமா? அவளுக்காகத்தான் சொன்னேன். எனக்கென்ன வந்தது? அவராவது சரியாகச் சொல்லியிருக்கலாம், என்னைவிட நன்றாக இங்கிலீஷ் பேசுவார். கெட்டிலோடு நின்றுகொண்டு என்னையே பார்த்தார்.

ஜெரால்ட் மரியாதையாகத் தலையை ஆட்டினார். எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்றார். யாரும் சிரிக்கவில்லை. அம்மா சிரித்த வாயோடு இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு உட்கார்ந்தாள்.

எல்லோரும் போன பிறகு கேட்டாள், "ஏண்டி சிரிக்கல?"

"இவுங்களுக்கு நம்ம ஜோக் புரியாதும்மா."

"சர்வன்ட்டுன்னு சொன்னியே."

அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் அந்த வார்த்தை தெரியும். டீச்சரம்மா போனில் சொல்கிறபோது அவள் பின்பக்கம்தானே இருப்பாள். "சர்வன்ட் வந்தாச்சு, அப்புறம் பேசுறேன்." அதை நான் மறந்தே போய்விட்டேன்.

"நீ வேலை பாத்தேன்னுதாம்மா சொன்னேன்."

"ம்" என்றாள்.

அன்று ராத்திரி சாப்பிட்டுவிட்டு எழுந்தாள், கை கழுவினாள், போய் சோபாவில் உட்கார்ந்தாள். தட்டு மேஜையிலேயே இருந்தது. என் வாழ்நாளில் அம்மா சாப்பிட்ட தட்டை விட்டுவிட்டு எழுந்து நான் பார்த்தது கிடையாது. அவர் எடுக்கப் போனார்.

"வைங்க மாப்ள. அவ எடுப்பா."

நான் எடுத்துக் கழுவினேன். உண்மையைச் சொன்னால் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இதற்குத்தானே கூப்பிட்டேன். பழக்கம் விட ஆரம்பித்துவிட்டது என்று நினைத்தேன். மறுநாளும் சிங்க் பக்கம் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. கம்பி நார் காய்ந்துபோய்க் கிடந்தது. டி.வி. முன்னால் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். நான் ஆபீஸ் விட்டு வந்து எல்லாவற்றையும் கழுவி வைப்பேன். கையால்தான், இட்லித் தட்டுதான் எதிலும் போகாதே. ஒருநாள் காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"கறை நிக்குது பாரு. இன்னொரு தடவ வெளக்கிரு."

கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள். நான் எடுத்துக்கொண்டுபோய் விளக்கினேன்.

அவர் அன்று ராத்திரி என்னிடம் கேட்டார், "உனக்கு நிஜமாவே புரியலையா ஜோதி?" என்று.

"என்ன புரியணும்? ரெஸ்ட் எடுக்கறாங்க" என்றேன். அவர் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தார்.

அந்த வாரமே டிக்கெட்டை மாற்றச் சொன்னாள். குளிர் என்றாள். அவளே சொன்னதுதான், நான் சொல்லவில்லை. "கால் மரத்துப் போகுது ஜோதி. டீச்சர் வீட்ல வேற புதுசா ஒருத்தி வந்து பித்தளையெல்லாம் கம்பி நார் போட்டுக் கீறி வச்சிருக்காளாம்." நான் எவ்வளவோ சொன்னேன். அழுதேன்கூட. வேலைக்குப் போகாதே, நான் பணம் அனுப்புகிறேன், வீட்டில் இரு என்றேன். "வீட்ல இருந்து?" என்றாள். நீல மெஷினை ஊருக்கு அனுப்பி வைக்கிறேன் என்றும் ஒரு தடவை சொல்லிவிட்டேன், என்ன பேசுகிறோம் என்றே தெரியாமல். அதற்கு மட்டும் சிரித்தாள்.

இன்று காலையில் அவருக்கு ஷிப்ட். நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான் பஸ்ஸில் வந்தோம். வழியெல்லாம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஏர்போர்ட்டில் பெட்டி போட்ட பிறகு நேரம் இருந்தது. எலுமிச்சம்பழச் சாதம் கட்டிக்கொண்டு வந்திருந்தேன், எவர்சில்வர் டப்பாவில். ஓர் ஓரமாக உட்கார்ந்து அம்மா சாப்பிட்டாள். சாப்பிட்ட டப்பாவைக் கழுவாமல் பைக்குள் வைக்க எனக்கு மனசு வராது, அதுவும் அவளிடம் படித்ததுதான். "இரும்மா, வந்துர்றேன்" என்று லேடீஸ் டாய்லெட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

அங்கே குழாயில் தண்ணீர் நிற்காது, கை காட்டினால் வரும், எடுத்தால் நின்றுவிடும். சோப்பைத் தொட்டுத் தொட்டு டப்பாவை விளக்கிக்கொண்டிருந்தேன். மஞ்சள் எண்ணெய் சீக்கிரம் போகவில்லை. இரண்டு கையும் நுரை. கண்ணாடியில் அம்மா வருவது தெரிந்தது. என் கோட்டைக் கழற்றி மடித்து ஒரு கையில் வைத்திருந்தாள். கொடுக்க வருகிறாள் என்று நினைத்தேன். கோட்டைப் பக்கத்துத் திட்டில் வைத்தாள். இடுப்புச் சுருக்குப் பையைத் திறந்தாள், ஊருக்குப் போய் ஆட்டோவுக்கு என்று வைத்திருந்த ஐந்நூறு ரூபாய் நோட்டை எடுத்தாள், நாலாக மடித்தாள். பின்னால் வந்து நின்று, கை உலர்த்துகிற மெஷினைப் பார்த்துக்கொண்டு, என் ஸ்வெட்டர் பாக்கெட்டில் அதை வைத்துவிட்டு, வெளியே போனாள்.